நாங்கள் ஏன் உங்கள் வீட்டை வாங்கவில்லை

சென்னைப் புறநகரில் 45 லட்சத்துக்குள் வீடு கட்டி விற்கும் கட்டுநர்களுக்கு,

வணக்கம்.

ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் நாங்கள் வீடு வாங்கிப் பால் காய்ச்சினோம். குரோம்பேட்டையில், 14 வருடப் பழைய அடுக்குமாடியில், முதல் மாடி வீடு. அதற்கு முன் இரண்டு வருடம், ஞாயிற்றுக்கிழமை ஆனால் உங்கள் வீடுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். மண்ணிவாக்கம், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, அந்தப் பக்கம் குன்றத்தூர், மாங்காடு, திருநின்றவூர் என்று மொத்தம் 19 இடம். எல்லாமே புது வீடு. ஒன்றைக்கூட வாங்கவில்லை. இன்னமும் உங்கள் விற்பனை ஆட்களிடமிருந்து போன் வருகிறது. "பட்ஜெட்தான் பிரச்சனையா மேடம்? ஆஃபர் போட்டுத் தர்றோம்" என்கிறார்கள். பட்ஜெட் ஒரு காரணம்தான். ஆனால் எங்களைத் திருப்பி அனுப்பிய மற்ற காரணங்களை அந்தப் போனில் யாரும் கேட்பதே இல்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் நாலு பேர். என் கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கிறார். நான் கிண்டியில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். மகள் ஏழாவது படிக்கிறாள். அத்தைக்கு முட்டிவலி. இருவர் சம்பளமும் சேர்த்து மாதம் 56 ஆயிரம் கைக்கு வரும். உங்கள் விளம்பரங்களில் வருகிற "நடுத்தரக் குடும்பத்தின் கனவு இல்லம்" எங்களுக்கானதுதான்.

முதலில் பணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஊரப்பாக்கம் பக்கம் ஒரு வீடு எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. விளம்பரத்தில் 33 லட்சம். 25 லட்சம் வங்கிக் கடன், 8 லட்சம் கையிலிருந்து என்று திட்டம் போட்டோம். பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் ஆண்டு வருமானம் 9 லட்சம் வரை உள்ளவர்களுக்கு வட்டி மானியம் உண்டு. அதிகபட்சம் 1 லட்சத்து 80 ஆயிரம், ஐந்து வருடத் தவணைகளில் வரும். வீட்டின் விலை 35 லட்சத்தையும் கடன் 25 லட்சத்தையும் தாண்டக் கூடாது. எல்லாம் பொருந்தி வருகிறதே என்று சந்தோஷப்பட்டோம்.

மூன்றாவது தடவை போனபோதுதான் முழுக் கணக்கு வந்தது. கார் நிறுத்த 2.5 லட்சம். மின் இணைப்பு, தண்ணீர், கழிவுநீர் என்று 1.5 லட்சம். இரண்டு வருடப் பராமரிப்பு முன்பணம் 50 ஆயிரம், சங்கத்துக்கான வைப்பு நிதி 40 ஆயிரம், பத்திரச் செலவு என்று 25 ஆயிரம். 33 லட்சம் 38 லட்சத்து 15 ஆயிரமாகிவிட்டது. அதன்மேல் 1 சதவீதம் ஜி.எஸ்.டி., பிறகு பதிவுச் செலவு 6 சதவீதம். கூட்டிப் பார்த்தால் 40 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல். மானியத்துக்கான வரம்பு எப்போதோ தாண்டிவிட்டது. வங்கியில் போய்க் கேட்டோம். 30 லட்சத்துக்கு மேல் கடன் என்றால் வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் தர முடியும், முத்திரைத் தாளும் பதிவுக் கட்டணமும் அந்த மதிப்பில் சேராது என்றார்கள். ஆக, 10 லட்சத்துக்கு மேல் கையில் வேண்டும். எங்களிடம் இருந்தது சீட்டு எடுத்த பணம் 4 லட்சம், என் நகை, அப்புறம் என் கணவரின் பி.எஃப். முன்பணம்.

எங்களைப் போன்றவர்களை நிறுத்துவது பல நேரம் மாதத் தவணையே இல்லை. 30 லட்சம் கடனுக்கு எட்டரை சதவீத வட்டியில் 20 வருடம் கட்டினால் மாதம் 26 ஆயிரம் வரும். பல்லைக் கடித்துக்கொண்டு அதைக் கட்டிவிடலாம். முதலில் போட வேண்டிய அந்தப் பத்து லட்சம்தான் ஆளைச் சாய்க்கிறது. கட்டி முடிக்காத வீடாக இருந்தால் இன்னும் மோசம். இங்கே வாடகை 12 ஆயிரம், அங்கே கடனுக்கு வட்டி, இரண்டையும் ஒன்றாகச் சுமக்க வேண்டும். "டிசம்பரில் சாவி" என்று நீங்கள் சொல்லி, அது அடுத்த டிசம்பர் ஆனால், போவது என் மகளின் பள்ளிக் கட்டணம்.

எங்களிடம் கார் இல்லை, ஒரு ஸ்கூட்டர்தான் இருக்கிறது. கார் நிறுத்தம் வேண்டாம் என்றோம். "எல்லா வீட்டுக்கும் கட்டாயம் மேடம்" என்றார் அந்தப் பையன். 2.5 லட்சம் எங்களுக்கு எத்தனை மாதச் சேமிப்பு என்று அவருக்குத் தெரியாது. இரண்டு ஸ்கூட்டருக்கு இடம் விட்டு, விலையை அந்த அளவுக்குக் குறைத்தால் இந்த விலைக்கு வருபவர்களில் பாதிப் பேர் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். வரைபடத்தில் அந்தக் கார் இடம் கூரையில்லாத வெளியிடத்தில்தான் இருந்தது. திறந்தவெளி நிறுத்துமிடம் எல்லோருக்கும் பொதுவானது என்று 2016 ரியல் எஸ்டேட் சட்டமே சொல்கிறது. இதை நான் அப்புறம் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

என் மைத்துனர் கதை வேறு. சேலையூரில் தையல் கடை வைத்திருக்கிறார், எங்களைவிட நன்றாகவே சம்பாதிக்கிறார். சம்பளச் சீட்டு இல்லை, வருமான வரிக் கணக்கும் இரண்டு வருடமாகத்தான். உங்களோடு ஏற்பாடு வைத்திருக்கும் வங்கிகள் எதுவும் அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. ஆட்டோ ஓட்டுபவர், மெஸ் நடத்துபவர், பூக்கடைக்காரர் எல்லோரும் இந்த விலை வீட்டுக்குத்தான் வருவார்கள். அவர்களுக்குக் கடன் தருகிற வீட்டுக்கடன் நிறுவனங்களையும் உங்கள் அலுவலகத்தில் ஒரு மேஜை போட்டு உட்கார வையுங்கள்.

சரி, பணத்தை விட்டுவிடுவோம். அந்தப் பத்து லட்சத்தை எப்படியாவது புரட்டிவிடலாம் என்றுதான் என் கணவர் சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். காரணம் வழி.

"ரயில் நிலையத்திலிருந்து 10 நிமிடம்" என்று போட்டிருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் காரில் அழைத்துப் போனபோது பத்து நிமிடம்தான் ஆனது. ஒரு புதன்கிழமை, வேலை முடிந்து நானே போய்ப் பார்த்தேன். கிண்டியில் ஏழரைக்கு நின்றேன். வருகிற வண்டிகளில் பல தாம்பரத்தோடு நின்றுவிடும், செங்கல்பட்டு வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். இறங்கும்போது மணி எட்டரை தாண்டியிருந்தது. ஷேர் ஆட்டோ ஆள் சேரும்வரை நகரவில்லை. அதுவும் மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுவிட்டது. அங்கிருந்து உங்கள் வீடு வரை முக்கால் கிலோமீட்டர், காலி மனைகளுக்கு நடுவே. தெருவிளக்குக் கம்பம் இருந்தது, விளக்கு எரியவில்லை. நாய்கள் இருந்தன. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு பாதி தூரம் நடந்தேன். இதே வழியில் இன்னும் சில வருடத்தில் என் மகள் கல்லூரியிலிருந்து வர வேண்டுமே என்று தோன்றியது. அங்கேயே திரும்பிவிட்டேன்.

இந்த ஊரில் வீடு யார் பெயரில் பதிவானாலும், அந்த வீட்டுக்கு இருட்டிய பிறகு நடந்து வரப்போவது பெரும்பாலும் பெண்கள். அரசின் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை. ஒரு குடும்பத்துக்கு அது மாதாமாதம் நல்ல மிச்சம். ஆனால் அந்தப் பேருந்து உங்கள் மனைக்கு இரண்டு கிலோமீட்டர் முன்பே திரும்பிவிட்டால் என்ன பயன்? 120 வீடு கட்டுகிற நீங்கள் சேர்ந்து போய்க் கேட்டால் ஒரு பேருந்தை நீட்டிக்க வைக்க முடியும், தெருவிளக்கைப் போட வைக்க முடியும். நீச்சல் குளத்தைவிட அது எங்களுக்குப் பெரிது. 30 லட்சம் வீட்டில் நீச்சல் குளம் யாருக்காக வைக்கிறீர்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அதன் பராமரிப்பும் எங்கள் தலையில்தான் விழும்.

அடுத்தது தண்ணீர். சென்னையில் வீடு தேடும் யாரும் கேட்கிற முதல் கேள்வி, "2015-ல இங்க எவ்வளவு தண்ணி வந்துச்சு?" என்பதுதான். உங்கள் ஆட்கள் எல்லோரும் ஒரே பதில் சொன்னார்கள், "இங்க நிக்கவே நிக்காது." மேற்குத் தாம்பரம் தாண்டி ஓர் இடத்தில் டோக்கன் அட்வான்ஸ் 50 ஆயிரம் கொடுத்திருந்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. மழை விட்ட மூன்றாம் நாள் என் கணவரும் அவர் தம்பியும் வண்டியை முடிச்சூரில் நிறுத்திவிட்டு, முழங்கால் தண்ணீரில் நடந்துபோய்ப் பார்த்தார்கள். அடித்தளத்தில் தண்ணீர் நின்றது. எதிரே டீக்கடை வைத்திருப்பவர் தன் கடைச் சுவரில் 2015-இல் நின்ற மட்டத்தைக் கையால் தொட்டுக் காட்டினார். அவர் தோள் உயரம். விற்பனை அலுவலகத்துக்கும் அந்த டீக்கடைக்கும் நடுவில் ஒரு சாலைதான். அட்வான்ஸைத் திரும்ப வாங்க ஐந்து மாதம் அலைந்தோம்.

அடையாற்றின் ஓரத்திலும் ஏரியின் உள்வாயிலும் மனை மலிவாகக் கிடைக்கும் என்பது எங்களுக்கும் தெரியும். மேடு தூக்கிக் கட்டியிருந்தால் அதைச் சொல்லுங்கள். எத்தனை அடி தூக்கினீர்கள், 2015-லும் 2023-லும் சாலையில் எவ்வளவு நின்றது என்று சொல்லிவிடுங்கள். உண்மையைச் சொன்னால் வாங்குபவர்கள் இருப்பார்கள். கீழ்த்தளத்தை வண்டிக்கு விட்டு, மோட்டாரையும் மின்பெட்டியையும் மேலே வைத்த கட்டடத்தை நாங்களே விரும்பிப் பார்த்தோம். விலை சரிவராததால்தான் விட்டோம்.

வெள்ளத் தண்ணீர் ஒரு பக்கம் என்றால் குடிக்கிற, குளிக்கிற தண்ணீர் இன்னொரு பக்கம். மெட்ரோ வாட்டர் குழாய் உங்கள் பகுதிகளில் பலவற்றுக்கு வரவில்லை. போர்வெல் தண்ணீர் உப்பு. 2019 கோடையில் செம்பரம்பாக்கமும் புழலும் வறண்டு நகரமே குடத்தோடு நின்றதை யாரும் மறக்கவில்லை. நான் ஒவ்வோர் இடத்திலும் பக்கத்துக் கட்டடத்தில் குடியிருக்கும் ஒரு அக்காவைத் தேடிப் பிடித்து ஒரே கேள்விதான் கேட்டேன், "மே மாசம் லாரிக்கு எவ்வளவு கொடுக்குறீங்க?" ஒருவர், பராமரிப்புக் கட்டணம் 1,500 என்று சொல்லித்தான் விற்றார்கள், கோடையில் 3,200 ஆகிறது என்றார். அந்த 1,700 ரூபாய் எங்கள் பட்ஜெட்டில் ஒரு மாத மளிகையில் கால்வாசி.

வீட்டுக்குள் வருகிறேன். 620 சதுர அடி என்று சொன்ன வீட்டில் கார்பெட் ஏரியா, அதாவது நாங்கள் உண்மையில் புழங்கும் இடம், 440. ரியல் எஸ்டேட் சட்டப்படி கார்பெட் ஏரியாவைத்தான் சொல்லி விற்க வேண்டும். பத்திரத்தில் இருக்கிறது, விளம்பரத்தில் காணோம். என் அப்பா வேறொன்று கேட்டார். "மண் எவ்வளவு வருது?" கட்டடம் நிற்கிற மனையில் நம் வீட்டுக்கு வரும் பிரிக்கப்படாத பங்கைத்தான் அப்படிக் கேட்டார். ஐந்து மாடிக் கட்டடத்தில் 210 சதுர அடி வந்தது. நாங்கள் வாங்கிய பழைய வீட்டில் 340. கட்டடம் பழசானாலும் மண் இருக்கும் என்பது அப்பாவின் கணக்கு. இது அவர் தலைமுறைப் பழக்கம் என்று ஒதுக்கிவிடாதீர்கள், எங்கள் தெருவில் வீடு வாங்கிய எல்லோரும் இதைக் கேட்டிருக்கிறார்கள்.

வாஸ்துவும் அப்படித்தான். அடுப்பங்கரை தென்கிழக்கில் இல்லை என்று அத்தை மூன்று வீட்டை வேண்டாம் என்றார். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் மாமா விட்டுப்போன பணமும் இதில் சேர்கிறது, அத்தை மனசு ஒப்பாமல் அந்த வீட்டில் எப்படிக் குடியேறுவது? துணி காயப்போட ஓர் இடம், மிக்ஸி கிரைண்டர் வைக்க மேடை, சாமி படத்துக்கு ஒரு மாடம், மின்சாரம் போனாலும் ஓடுகிற லிஃப்ட். இவ்வளவுதான் கேட்டோம். முட்டிவலிக்காரரை வைத்துக்கொண்டு நான்காம் மாடியில் ஓடாத லிஃப்ட்டை நம்ப முடியவில்லை.

இதையெல்லாம்விட எங்களைப் பழைய வீட்டுப் பக்கம் தள்ளியது வேறு. 2014 ஜூனில் மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் கட்ட வந்த தொழிலாளிகள். அந்தப் படங்களைப் பார்த்த ஊர் இது. புதுப் பெயின்ட் வாசனையில் சுவரின் குணம் தெரியாது. 14 வருடக் கட்டடம் தன் விரிசலையும் ஓதத்தையும் மறைக்காமல் காட்டிவிடுகிறது. மேல் வீட்டுக் குளியலறை ஒழுகியதா என்று கீழ் வீட்டம்மாவே சொல்லிவிடுகிறார். அந்த வீடு 34 லட்சம். பதிவுக்கு 9 சதவீதம், புது வீட்டைவிட அதிகம்தான். ஆனால் ஜி.எஸ்.டி. இல்லை, வாடகையும் வட்டியும் சேர்ந்த இரட்டைச் சுமை இல்லை, முதல் நாள் சொன்ன விலை கடைசி நாளும் அதேதான். 28 லட்சம் கடன். ஸ்டேஷனிலிருந்து எட்டு நிமிடம், நடந்து.

உங்களிடம் நான் கேட்பது இரண்டு. வருகிறவர்களை நீங்கள் பத்து வருடத்துக்கு முன் கட்டிய கட்டடத்துக்கு ஒருமுறை அழைத்துப் போங்கள், அங்கே குடியிருப்பவர்களோடு தனியாகப் பேச விடுங்கள். கட்டடத்தின் அமைப்பில் குறை வந்தால் ஐந்து வருடம் நீங்கள்தான் பொறுப்பு என்று சட்டம் சொல்கிறது, நல்லது. ஆறாவது வருடம் அந்தக் கட்டடம் எப்படி இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தைரியம் வரும். இரண்டாவது, முதல் நாளே, அட்வான்ஸ் வாங்கும் முன்பே, ஒரே தாளில் முழுக் கணக்கையும் எழுதிக் கொடுங்கள். விலை, வண்டி நிறுத்தம், இணைப்புகள், வரி, பதிவு, கையில் எவ்வளவு வேண்டும், கோடையில் பராமரிப்பு எவ்வளவு ஆகும், புழங்கும் இடம் எத்தனை அடி, மண் எத்தனை அடி எல்லாம் அதில் இருக்கட்டும்.

என் தங்கை தை பிறந்ததும் வீடு தேடப் போகிறாள். அவளும் அவள் கணவரும் சேர்த்து வைத்திருப்பது 6 லட்சம். கைக்குழந்தையோடு கூடுவாஞ்சேரி பக்கம்தான் முதலில் வருவார்கள். அந்தத் தாளை அவளிடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
குரோம்பேட்டையிலிருந்து ஒரு குடும்பத் தலைவி