கடைத்தெருவின் ஐந்தடியும் நடு முற்றமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மலாக்காவோடு சேர்ந்து 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற பினாங்கின் ஜோர்ஜ்டவுனில், முகப்பை மட்டும் நிறுத்திவிட்டு உள்ளே எல்லாவற்றையும் இடித்தெடுப்பதையும் 'பாதுகாப்பு' என்றே சொல்லிக்கொள்கிறார்கள். அதனால்தான் இக்கடிதம்.

கீழே கடையும் மாடியில் குடியிருப்புமான நம் கடைவீடுகள் அகலம் குறைந்து, உள்ளே நீண்டு செல்பவை. இருபக்கச் சுவர்களும் அண்டை வீட்டோடு ஒட்டியவை என்பதால் அங்கே ஜன்னலுக்கு வழியில்லை. வெளிச்சமும் காற்றும் நடு முற்றத்தின் வழியாகத்தான் இறங்கியாக வேண்டும். அதைத் தகரத்தால் மூடிக் குளிர்சாதனத்தை மாட்டிவிட்டால் வீட்டின் மூச்சு அடைபட்டுப்போகிறது.

நாங்கள் கடைத்தெரு என்றழைக்கும் மார்க்கெட் ஸ்திரீட்டில் என் தந்தையார் மளிகை வைத்திருந்த கடைவீட்டை, பின்னால் எடுத்தவர் பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டுச் சிமெண்டு பூசினார். அடுத்த மழைக்காலத்தில் சுவர் ஆளுயரம்வரை உப்புப் பூத்து உப்பியது. பெயர்ந்த இடத்தில் விரல் வைத்தேன். செங்கல் மாவாக உதிர்ந்தது. தரையிலிருந்து ஏறும் ஓதத்தைச் சுண்ணாம்பு வெளியே விட்டுவிடும். சிமெண்டோ அதை உள்ளேயே தேக்கிச் செங்கல்லை அரித்துவிடும்.

முகப்பை ஒட்டிய ஐந்தடி நடைபாதையும் இப்படித்தான் குறுகிவருகிறது. சிங்கப்பூரில் ஆங்கிலேயக் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ் 1822இல் அந்நகரத் திட்டத்தில் கடைதோறும் தொடர்ந்து செல்லும் கூரையிட்ட நடைபாதை வேண்டுமென்று விதித்தார். வெயிலிலும் மழையிலும் நனையாமல் காயாமல் நடப்பதற்கான அந்த ஏற்பாடு இங்கும் வழக்கமானது. இன்று மோட்டார் சைக்கிளும் உணவகங்களின் நாற்காலிகளும் அதை அடைத்துக்கொள்ள, முதியவர்கள் சாலையில் இறங்கி நடக்கிறார்கள். (பூக்கட்டும் அம்மாளின் சிறு மேசையை நான் இக்கணக்கில் சேர்க்கவில்லை, அவர் ஒதுங்கி உட்கார்ந்துதான் தொடுக்கிறார்.)

பழைய வீடுகளின் வாடகையை ஏற்றவிடாமல் வைத்திருந்த வாடகைக் கட்டுப்பாடு 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நீங்கியபின், தலைமுறைகளாக மாடியில் குடியிருந்தோர் பலர் வெளியேறினர். உடைந்த கூரை ஓடுகளை அன்றே மாற்றி, தூம்பில் அடைத்த சருகை அள்ளியவர்கள் அவர்களே. ஆளில்லாத மாடியில் ஒழுகும் கூரை, உத்தரம் உளுத்த பிறகுதான் கண்ணில் படுகிறது.

ஆகவே, புதுப்பிக்க அனுமதி கொடுக்குமுன் மாநகர் மன்றம் நடு முற்றம் திறந்திருக்கிறதா, பூச்சு சுண்ணாம்புதானா என்பதை உள்ளே சென்று பார்க்க வேண்டும். ஐந்தடியில் இருவர் எதிரெதிரே நடந்து செல்லும் அளவுக்காவது வழிவிடுவதைக் கடை உரிமத்தின் நிபந்தனையாக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கடைத்தெரு வாசகர், ஜோர்ஜ்டவுன், பினாங்கு