பழைய உடைகளுக்கும் அணிகளுக்கும் அரசு அருங்காட்சியகத்தில் தனிப்பிரிவு கோரி மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை,
பாளையங்கோட்டை.
(பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன.)

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கொக்கிரகுளம், திருநெல்வேலி.

நகல்: காப்பாட்சியர், அரசு அருங்காட்சியகம், பாளையங்கோட்டை.

பொருள்: நெல்லை வட்டார மக்கள் உடுத்திய பழைய துணிமணிகளையும் பூண்ட அணிகளையும் வீடுகளிலிருந்து பெற்று, பதிவுசெய்து, பாதுகாக்க ஏற்பாடு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மகளிர் பள்ளியில் பல ஆண்டுகள் தையல் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். நம் பக்கத்து மக்கள் மூன்று, நான்கு தலைமுறைக்கு முன்பு உடுத்திய சேலை, ரவிக்கை, வேட்டி, தலைப்பாகை, காதில் போட்ட பாம்படம், தண்டட்டி ஆகியவற்றுக்கென்று பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்தில் ஒரு தனிப்பிரிவு வேண்டும் என்பதே என் கோரிக்கை. அருங்காட்சியகங்கள் துறைக்கு நேரே எழுதாமல் தங்களிடம் வருவதற்குக் காரணம் இருக்கிறது.

மண்ணைத் தோண்டும்போது சிலையோ காசோ கிடைத்தால் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். அருங்காட்சியகங்களில் நாம் கும்பிட்டுக் கடந்துபோகும் செப்புத் திருமேனிகள் பலவும் அப்படி ஆட்சியர்களின் கை வழியாகப் போய்ச் சேர்ந்தவைதான். துணிக்கு அந்த வழி கிடையாது. நம் ஊர் மண்ணுக்குள் போன துணியில் கரையானும் ஈரமும் ஓர் இழை மிச்சம் வைப்பது அரிது. ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை தொல்லியல் ஆய்வாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது பொன்னால் ஆன நெற்றிப்பட்டங்கள் கிடைத்தன. மெல்லிய நீள்வட்டத் தகடுகள், புள்ளி புள்ளியாகக் குத்திய கோலம், சிலவற்றில் இரு முனையிலும் கயிறு கோக்கத் துளை. பட்டம் இருக்கிறது. அதைக் கட்டிக்கொண்டவர் இடுப்பில் என்ன உடுத்தியிருந்தார், அதன் நிறம் என்ன, கரை என்ன என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. ஆகவே மண் தானாகக் கொண்டுவந்து தராத பொருளை வீடு வீடாகக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அதற்கு ஆட்சியரின் குரல் தேவைப்படுகிறது.

சட்டமும் துணிக்குக் கைகொடுப்பதில்லை. 1972ஆம் ஆண்டின் தொல்பொருட்கள், கலைக்கருவூலங்கள் சட்டம் பொதுவாக நூறு ஆண்டு கடந்த பொருளையே தொல்பொருள் என்கிறது. கருங்கல்லுக்கு நூறு வயது ஒரு பொருட்டல்ல. நம் வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடக்கும் பருத்திச் சேலை நூறு வயதைத் தொடும் வரை யார் காத்திருப்பது? 1940களில் கல்யாணம் முடித்த ஆச்சிமாரின் கூறைப்பட்டு இப்போதே மடிப்பு மடிப்பாக இற்றுப்போய்க்கொண்டிருக்கிறது.

அது அழியும் வழிகளையும் சொல்லிவிடுகிறேன். தெருவில் “பழைய பட்டுப்புடவை வாங்குகிறோம்” என்று கூவிக்கொண்டு வருகிறவர்கள் சேலையின் அழகைப் பார்த்து வாங்குவதில்லை. பட்டு இழையின் மேல் வெள்ளிக் கம்பி சுற்றிப் பொன்முலாம் பூசியதுதான் அந்தக் காலத்து அசல் ஜரிகை. சேலையை எரித்தால் சாம்பலில் வெள்ளி மிஞ்சும். ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கல்யாணம் அரை மணி நேரத்தில் அடுப்புக்குப் போய்விடுகிறது. இறந்தவர் உடுத்திய துணியை வீட்டில் வைக்கக் கூடாது என்று ஆற்றில் விடுவது இன்னொரு வழி. பாபநாசம் படித்துறையில் தாமிரபரணிக்குள்ளிருந்து துணியை அள்ளி அள்ளி ஓய்ந்தவர்களைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இவற்றுக்கு மேல், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய அந்த நாட்களில் ஆற்றங்கரை வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. பெட்டிகளில் இருந்தவை சேறோடு சேறாயின. சாயம் ஒன்றின் மேல் ஒன்று இறங்கிய பழைய சேலைகளை மறுவாரமே குப்பை வண்டியில் ஏற்றினார்கள். வெள்ள நிவாரணப் பட்டியலில் அவற்றுக்குப் பத்தி இல்லை.

வைத்திருக்கிற இடத்திலும் வைக்கும் விதம் சரியில்லாவிட்டால் பயனில்லை. ஒரு காட்சிக்கூடத்தில் நான் பார்த்த ரவிக்கை ஒன்று இன்னும் கண்ணை உறுத்துகிறது. எந்த ஊர் என்பது இங்கே வேண்டாம். பிளைவுட் பலகையில் குண்டூசியால் குத்தி நிறுத்தியிருந்தார்கள். ஊசி ஒவ்வொன்றைச் சுற்றிலும் துரு வட்டமாகப் படர்ந்து துணியைத் தின்றிருந்தது. மேலே இரவு பகலாக எரியும் டியூப் லைட். அதற்கு நேர்கீழே இருந்த தோள்பட்டை வெளுத்து, பக்கவாட்டு மட்டும் பழைய கருஞ்சிவப்பில் இருந்தது. அட்டையில் “பழைய ரவிக்கை” என்று ஒரு வரி. அது எனக்கே தெரிகிறதே!

அந்த ரவிக்கையை வெட்டியவர் கைதேர்ந்தவர். பொத்தான் கிடையாது, முன்பக்கம் இரு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட வேண்டும். அக்குளில் சாய்சதுரமாக ஒரு துண்டு வைத்துத் தைத்திருந்தார்கள். கையைத் தூக்கி நாற்று நடவும் உலக்கை பிடிக்கவும் அந்தத் துண்டுதான் இடம் கொடுக்கும். இன்றைய தையல்காரர்கள் பலர் அதை விட்டேவிட்டார்கள்; அதனால்தான் ரவிக்கை அக்குளில் கிழிகிறது. முழுவதும் கைத்தையல், ஓரம் உள்ளே இருமுறை மடித்து நூல் வெளியே தெரியாமல் போட்டிருந்தது. என் மாணவிகளுக்கு ஒரு பருவம் முழுக்கப் பாடம் நடத்த அந்த ஒரு ரவிக்கை போதும். யார் போட்டது, எந்த ஊர், எப்போது தைத்தது என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை. கிருஷ்ணாபுரம் கோயில் மண்டபத்துக் குறத்தி சிலையில் நகைகள் கல்லில் நிலைத்துவிட்டன. திருப்புடைமருதூர் கோபுரத்துக்குள் சுவரோவியங்களில் அந்தக் காலத்து மனிதர்கள் நிறத்தோடு நிற்கிறார்கள். இருந்தாலும் ஓவியத்தைப் புரட்டி உள்தையலைப் பார்க்க முடியாது.

ரவிக்கையை அற்பமான பொருளாகக் கருதிவிட வேண்டாம் என்று பணிந்து கேட்டுக்கொள்கிறேன். பக்கத்துத் திருவிதாங்கூரில் தோளை மூடி உடுத்தும் உரிமைக்காகப் பெண்கள் அடிபட்டு, துணி கிழிபட்டுப் போராடி, 1859இல்தான் அரசாணை பெற்றார்கள். நம் பக்கத்திலும் யார் தோளில் துண்டு போடலாம், யார் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டலாம், யார் செருப்போடு தெருவில் நடக்கலாம் என்பதெல்லாம் ஊர்க்கட்டுப்பாடாக இருந்ததைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அதற்குச் சாட்சி ஜமீன் வீட்டுப் பட்டு அங்கி அல்ல. பனையேறியின் தோல் கச்சையும் காலில் மாட்டி ஏறும் தளைநாரும், வயலில் நின்றவள் கொசுவத்தைப் பின்னால் வைத்துக் கட்டிய பின்கொசுவச் சேலையும், மேலப்பாளையத்துத் தறியில் நெய்த கைலியும், காயல்பட்டினத்துப் பெண்கள் வெளியே போகப் போர்த்திய வெள்ளைத் துப்பட்டியும்தான். தனிப்பிரிவு அமைந்தால் அரண்மனைச் சாமான்களால் அதை நிரப்பிவிடாமல் இந்த உழைப்பாளிகளின் உடைக்கு முதலிடம் தர வேண்டும்.

இரண்டு கைவேலைகளைக் குறிப்பாகச் சொல்கிறேன். இடையன்குடியில் கால்டுவெல் ஐயரின் மனைவி எலிசா அம்மையார் அவ்வூர்ப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திண்டில் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சின்னக் கோல்களைக் கை மாற்றி மாற்றிப் போடும் நுணுக்கமான வேலை. அவர்கள் நினைவு இல்லம் அரசின் பொறுப்பில் இருக்கிறது. பழைய லேஸ் துண்டுகள் அந்த வட்டாரத்து வீடுகளில் வேதப்புத்தகத்துக்கு இடையிலும் தலையணை உறையிலும் இருக்கக்கூடும், தேடிக் கேட்க வேண்டும். மற்றொன்று வீரவநல்லூர் செடிபுட்டா சேலை. அங்குள்ள சௌராஷ்டிர நெசவாளர்கள் பட்டும் பருத்தியும் கலந்து செடியும் பூவுமாக நெய்யும் அந்தச் சேலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். ஆனால் முப்பாட்டன் போட்ட பூவேலை எப்படி இருந்தது என்று இன்றைய நெசவாளியின் மகன் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பழைய சேலையாவது அரசுக் காப்பில் இருக்க வேண்டாமா? 1866இல் இந்தியத் துணி மாதிரிகள் எழுநூறை வெட்டி ஒட்டி 18 தொகுதிகளாக்கி, அப்படி 20 செட்டுகள் செய்தது லண்டனில் இருந்த இந்திய அலுவலகம். நம்மிடம் வியாபாரம் செய்ய வந்தவர்களுக்கு இருந்த அக்கறை அது.

பாம்படம் விஷயத்தில் நடைமுறையைப் பேசிவிடுவது நல்லது. பவுன் விற்கிற விலையில் யாரும் அதை இனாமாகத் தரப்போவதில்லை, கேட்பதும் முறையில்லை. தங்கத் தகட்டைச் சதுரமும் உருண்டையும் கூம்புமாக வளைத்து, உள்ளே அரக்கு நிரப்பிச் செய்த நகை அது. அதைப் போடுவதற்கென்றே சிறுமியாக இருக்கும்போதே காதைக் குத்தி, ஓலைச்சுருளும் கனமான குணுக்கும் மாட்டித் தோள்வரை வடித்து வளர்த்தார்கள். பிறகு நாகரிகம் என்று அதே காதை அறுத்துத் தைத்துக்கொண்டார்கள். பேத்திமார் பாம்படத்தை நகைக்கடைக்குக் கொண்டுபோனால் அரக்கு போக எடை போட்டு உருக்கிவிடுகிறார்கள். எனவே உரிமை குடும்பத்திடமே இருக்க, அருங்காட்சியகம் அவற்றை அளவெடுத்து, எடை குறித்து, நாலா பக்கமும் படம் பிடித்து வைக்கட்டும். விருப்பமுள்ளவர்கள் காப்பீட்டோடு சில காலம் காட்சிக்குத் தரவும் எழுத்துப்பூர்வமான ஒப்பந்தப் படிவம் ஒன்று வேண்டும். வடித்த காதோடு இருக்கும் ஆச்சிமார் ஊர்களில் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறார்கள். அவர்கள் வாயால் பேசவைத்து, பின்கொசுவம் வைத்துக் கட்டுவதைக் காணொளியாகப் பதிவது உடனே நடக்க வேண்டிய வேலை. கட்டிடம் பிறகு வரட்டும்.

செலவு பெரிதாகாது. பழந்துணியை மடித்து அடுக்கினால் மடிப்பில் வெட்டிப்போகும் என்பதால் குழாயில் சுருட்டி வைக்க வேண்டும். கஞ்சி போக அலசிய வெளுக்காத காடாத் துணியில் சுற்றினால் போதும். கஞ்சி இருந்தால் பூச்சி தேடி வரும். புதிதாக வரும் துணியை உறையில் காற்றுப் புகாமல் அடைத்து, உறைபெட்டியில் மைனஸ் 18 பாகை செல்சியஸில் இரண்டு வாரம் வைத்தால் முட்டையோடு பூச்சி சாகும். காட்சிக்கு வைக்கும்போது வெளிச்சம் 50 லக்ஸ் அளவைத் தாண்டக் கூடாது. ஒரே சேலையை ஆண்டுக்கணக்கில் தொங்கவிடாமல் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஈரப்பதம் 50 முதல் 55 சதவீதத்தில் நிற்க ஓர் அறைக்காவது ஏற்பாடு தேவை, நம் ஊரின் சித்திரை வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் இடையில் அது ஒன்றுதான் சற்றுச் சிரமம். ஊழியர்களுக்குப் பயிற்சி தர 1930 முதல் இயங்கும் வேதியியல் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் எழும்பூர் அருங்காட்சியகத்திலேயே இருக்கிறது. முடியுமா என்ற ஐயம் இருந்தால் மதுரையைப் பார்க்கலாம்: 30-1-1948 அன்று காந்தியடிகள் உடுத்தியிருந்த இரத்தக்கறை படிந்த துணியை அங்குள்ள காந்தி நினைவு அருங்காட்சியகத்தில் இன்றும் காண்கிறோம்.

ரெட்டியார்பட்டியில் பொருநை அருங்காட்சியகம் எழுந்தபோது எல்லோரையும் போல நானும் மகிழ்ந்தேன். அது ஆதிச்சநல்லூருக்கும் சிவகளைக்கும் கொற்கைக்கும் உரிய இடம். நான் கேட்பது அந்தக் காலத்துக்கும் நமக்கும் நடுவே விடுபட்டுப்போன நேற்றைக்கு.

எனவே தாங்கள் அருங்காட்சியகங்கள் துறை ஆணையருக்குப் பரிந்துரைத்து இத்தனிப்பிரிவுக்கு இசைவு பெற்றுத் தரவும், அதுவரை ஓர் அறையையும் இரண்டு இரும்பு அலமாரிகளையும் ஒதுக்கவும் வேண்டுகிறேன். பழைய துணிமணி வைத்திருப்போர் காப்பாட்சியரை அணுகலாம் என்று கிராம நிர்வாக அலுவலர்கள், ரேஷன் கடைகள், நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் வழியே அறிவிப்பு வெளியிட ஆணையிடவும் வேண்டுகிறேன். பெறும் ஒவ்வொன்றுக்கும் உடுத்தியவர், ஊர், காலம், கட்டும் முறை ஆகியவற்றைக் குறித்த பதிவுத்தாளும், கொடுத்தவருக்கு ஒப்புகைச் சீட்டும் கட்டாயமாக இருக்க வேண்டும். பதிவுத்தாளின் மாதிரி ஒன்றை நானே தயாரித்து இணைத்திருக்கிறேன். தையல் முறைகளை அடையாளம் கண்டு எழுதித்தர, ஊதியம் எதுவும் இன்றி, கூப்பிட்ட நாளில் வரத் தயாராக இருக்கிறேன். பழக்கடைக்கு முன்னால் பஸ் நிற்கும். எனக்கு வண்டி அனுப்ப வேண்டாம்.

என் மாமியாரின் பதினெட்டு முழச் சேலை ஒன்றும் கைத்தையல் ரவிக்கைகள் இரண்டும் முதல் கொடையாகத் தர இசைவுக் கடிதம் இத்துடன் உள்ளது. அறை தயாரான பிறகே ஒப்படைப்பேன். பலகையில் குண்டூசி குத்த மாட்டோம் என்ற உறுதியும் எனக்கு எழுத்தில் வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இணைப்பு: 1. பதிவுத்தாள் மாதிரி. 2. கொடை இசைவுக் கடிதம். 3. பெயர், முகவரித் தாள்.