ஆரஞ்சைத் திருப்பி எறியாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் பெல்ஜியம் பயணக் கட்டுரையை ரசித்துப் படித்தேன். ப்ரூஜ் கால்வாய், பிரஸ்ஸல்ஸ் சாக்லேட் எல்லாம் சரி. ஆனால் கார்னிவல் திருவிழாவில் ஆடும் 'ஜீல்' வேடக்காரர்களைப் பார்க்க பான்ஷ் ஊருக்குத்தான் போக வேண்டும், சாம்பல் புதனுக்கு முந்தைய நாளோடு அவ்வளவுதான் என்று எழுதியிருந்தது சரியில்லை. பக்கத்திலேயே லா லூவியேர் என்ற பழைய தொழில் நகரம் இருக்கிறது. அங்கே ஈஸ்டருக்கு மூன்று வாரம் முன்னால் வரும் ஞாயிறு தொடங்கி செவ்வாய் வரை ஜீல்கள் ஆடுகிறார்கள். தவக்கால நோன்பின் நடுவில் இப்படி ஒரு கூத்தா என்று எனக்கும் தோன்றியது. அந்த ஞாயிறு மட்டும் கொஞ்சம் மகிழ்ந்திருக்கலாமாம்.

மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கப் போனபோது பார்த்தேன். நெஞ்சிலும் முதுகிலும் வைக்கோல் அடைத்த உடுப்பு, இடுப்பில் மணிகள், காலில் மரக்கட்டைச் செருப்பு, தலையில் நெருப்புக்கோழி இறகுகள். மேளம் இல்லாமல் ஜீல் தெருவில் ஓரடி எடுத்து வைக்க மாட்டார். கூடையிலிருந்து ஒருவர் வீசிய ஆரஞ்சு என் மேல் வந்து விழுந்தது. விளையாட்டு என்று நினைத்துத் திருப்பி வீசினேன். பக்கத்தில் நின்ற பாட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பிரெஞ்சில் படபடவென்று பொரிந்து தள்ளினார். "அது அவங்க தர்ற பரிசுப்பா, திருப்பி எறிஞ்சா அவமானம்" என்றாள் மகள். அடுத்து வந்ததை மரியாதையாகப் பையில் போட்டுக்கொண்டேன்.

இரண்டாவது குறை. 'நூறாண்டு பழமையான படகு லிஃப்ட்' என்று நீங்கள் போட்டிருந்த படம் 2002-ல் திறந்த ஸ்ட்ரெப்பி-தியூ. கால்வாய்ப் படகுகளை 73 மீட்டர் ஏற்றி இறக்கும் கான்கிரீட் மலை. பழையவை அதற்குப் பக்கத்திலேயே, பழைய கால்வாயில் நான்கு இருக்கின்றன. முதலாவது 1888-ல் ஓடத் தொடங்கியது, மற்ற மூன்றும் 1917-ல். 1998 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன.

முப்பது வருஷம் மில்லில் ஃபிட்டராக இருந்தவனுக்கு அந்தப் பழைய லிஃப்டை விட்டு நகர மனம் வருமா? பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இரும்புத் தொட்டிகள், ஒவ்வொன்றையும் ஒரே ஒரு பெரிய பிஸ்டன் தாங்குகிறது. இரண்டு சிலிண்டர்களையும் ஒரு குழாய் இணைக்கிறது. மேலே நிற்கும் தொட்டியில் சுமார் 30 செ.மீ. தண்ணீர் கூடுதலாக விடுகிறார்கள். வால்வைத் திறந்ததும் கனமான தொட்டி இறங்க, மற்றது தராசுத் தட்டு போல ஏறுகிறது. தூக்குவதற்கு மோட்டார் கிடையாது. தொட்டிக்குள் படகு இருந்தாலும் இல்லாவிட்டாலும் எடை ஒன்றுதான், ஏனென்றால் படகு தன் எடை அளவுக்குத் தண்ணீரை வெளியே தள்ளிவிடுகிறது. இதை மகளுக்கு விளக்கி முடிப்பதற்குள் நாங்கள் இருந்த தொட்டி மேலே போய்ச் சேர்ந்துவிட்டது.

ஊரிலேயே ப்வா-து-லுக் நிலக்கரிச் சுரங்கம் இருக்கிறது. 1685-ல் தொடங்கிய கம்பெனி, 1973-ல் மூடினார்கள். தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளோடு அப்படியே அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். 2011-ல் மூடிய போக் பீங்கான் ஆலை இருந்த இடத்தில் இப்போது கெராமிஸ் அருங்காட்சியகம். உள்ளே பாட்டில் வடிவத்தில் மூன்று பெரிய சூளைகள். நான் வேலை பார்த்த மில் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது, நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் ஒன்றுகூட மிச்சமில்லை. சரி, அது வேறு கதை.

போகிறவர்களுக்கு ஒரு விஷயம். மார்ச்சில் நாங்கள் போனபோது சுற்றுலாப் படகு ஓடவில்லை, லிஃப்டில் ஏறுவதற்காகவே மே மாதம் இன்னொரு முறை போனோம். ஒரே பயணத்தில் ஜீல் ஆட்டம், லிஃப்ட் சவாரி இரண்டையும் பார்த்துவிடலாம் என்று டிக்கெட் போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மில் ஃபிட்டர்,
சிங்காநல்லூர், கோவை.