லைட்டை அணைக்கும் முன் எரர் கோடை எழுதி வையுங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். குன்னூரில் உங்கள் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் பட்டறையிலிருந்து எழுதுகிறோம்.

2014-இல் மாருதி செலெரியோ ஏஎம்டி (சாதாரண கியர்பாக்ஸிலேயே கிளட்சையும் கியரையும் கருவியே மாற்றும் வகை) வந்ததிலிருந்து சின்ன வண்டிகளிலும் கிளட்ச் மிதி இல்லாதது பரவலாகத் தொடங்கியது. இப்போது எங்கள் வாசலில் நிற்கும் வண்டிகளில் ஆட்டோமேட்டிக் நிறையவே இருக்கிறது. கூடவே ஒரு பழக்கமும் வந்துவிட்டது. செக் என்ஜின் லைட் எரிந்தால் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் இடம்) சின்ன ப்ளூடூத் கருவியைச் செருகி, போனில் 'கிளியர்' தட்டி, கோளாறைச் சொல்லும் எரர் கோடு எண்ணை அழித்துவிடுகிறார்கள். மறுபடி எரிந்தால் மறுபடி தட்டுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல்.

போன மழைக்காலத்தில் கோத்தகிரிப் பக்கமிருந்து ஒருவர் வந்தார். காலையில் பனிமூட்டத்தில் கிளம்பினால் கொஞ்ச தூரத்தில் கியர் 'டொக்'கென்று விழுகிறது, அப்புறம் ஒரே கியரில் நின்றுவிடுகிறது என்றார். ஐந்தாறு முறை போனிலேயே அழித்திருக்கிறார். வருவதற்கு முந்தின இரவும் அழித்திருக்கிறார். எங்கள் ஸ்கேனரில் ஒன்றும் இல்லை. என்ன எண் வந்தது என்று கேட்டால், "பி-யில் ஆரம்பித்தது" என்பதற்கு மேல் அவருக்கு நினைவில்லை. வண்டியை வைத்துக்கொண்டு தினமும் விடியற்காலையில் நாங்களே ஓட்டினோம். மூன்றாம் நாள்தான் பி0720 வந்தது. கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் சுழற்சியின் வேகத்தைச் சொல்லும் சென்சாரின் சிக்னல் சரியில்லை என்று அதற்குப் பொருள்.

லிஃப்டில் ஏற்றி சக்கரத்தைச் சுழலவிட்டு, அந்தச் சென்சாருக்குப் போகும் ஒயரை விரலால் லேசாக அசைத்தோம். ஸ்கேனரில் வேகம் சட்டென்று பூஜ்யத்துக்கு இறங்கி மறுபடி ஏறியது. கனெக்டரைக் கழற்றினால் ஒரு பின் முழுக்கப் பச்சைக் களிம்பு. ரப்பர் சீலின் ஓரத்தில் சின்ன வெட்டு, உள்ளே ஈரம். கனெக்டரை மட்டும் மாற்றினோம், சென்சாரைத் தொடவே இல்லை. எண்ணை எழுதி வைத்திருந்தால் இது அரை நாள் வேலை. மூன்று நாள் அவர் வண்டியில்லாமல் இருந்தார் என்பது இப்போதும் எங்களுக்கு வருத்தம்.

அழிக்கும்போது போவது எண் மட்டும் இல்லை. கோளாறு வந்த அந்த நொடியில் வண்டி என்ன வேகத்தில் போனது, என்ஜின் எத்தனை சுற்று சுற்றியது, எவ்வளவு சூடாக இருந்தது என்பதையெல்லாம் கம்ப்யூட்டர் 'ஃப்ரீஸ் ஃபிரேம்' என்று குறித்து வைத்திருக்கும். அதுவும் சேர்ந்தே போய்விடும். மலையில் எங்களுக்கு அதுதான் பெரிய துப்பு. குளிர்ந்த என்ஜினில் வந்ததா, பர்லியாறு தாண்டி ஏறும்போது கொதிக்கிற சூட்டில் வந்ததா என்று தெரிந்துவிட்டால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறையும்.

பி0700 என்ற எண்ணைப் பார்த்து நிறையப் பேர் பயந்து போன் செய்கிறீர்கள். தபால்காரர் வாசலில் மணி அடிப்பது போலத்தான் அது. கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் ஏதோ பதிவாகியிருக்கிறது, போய்ப் பார் என்று என்ஜின் கம்ப்யூட்டர் சொல்கிறது, அவ்வளவுதான். விலை குறைந்த கருவிகள் பெரும்பாலும் என்ஜின் கம்ப்யூட்டரோடு நின்றுவிடும். உள்ளே இருக்கும் உண்மையான எண்ணைப் படிக்க கியர்பாக்ஸ் வரை போகும் ஸ்கேனர் வேண்டும்.

எண் கிடைத்தவுடன் உதிரிபாகம் வாங்கி வந்துவிடாதீர்கள், இதை மன்றாடியே கேட்கிறோம். பி0715 வந்தால் இன்புட் வேக சென்சார் (என்ஜினிலிருந்து கியர்பாக்ஸுக்குள் வரும் சுழற்சியின் வேகத்தைச் சொல்வது) போய்விட்டது என்று அர்த்தமில்லை. அந்த சர்க்யூட்டில் எங்கோ கோளாறு. எலி கடித்த ஒயராக இருக்கலாம், கனெக்டராக இருக்கலாம், சில சமயம் பேட்டரியாகக்கூட இருக்கும். டிசம்பர், ஜனவரி உறைபனியில் பலவீனமான பேட்டரி ஸ்டார்ட் அடிக்கும்போது வோல்டேஜ் விழுந்து, சம்பந்தமே இல்லாத எண்களைக் கொட்டும். அதனால் கியர்பாக்ஸ் புகாரோடு வரும் வண்டியில் முதலில் பேட்டரியைத்தான் சோதிப்போம். அடுத்தது கியர் ஆயில்: அளவு, நிறம், வாசனை. கருகிய வாசனை வந்தால் எந்த எண்ணாக இருந்தாலும் உள்ளே தேய்மானம் இருக்கிறது.

இப்போது ஆபத்தான பழக்கம். வண்டி ஒரே கியரில் நின்றுவிடுவதை லிம்ப் மோடு என்போம். கியர்பாக்ஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்யும் வேலை அது. மேட்டுப்பாளையம் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளையோ கல்லட்டியின் 36 வளைவுகளையோ எப்படியாவது ஏறிவிட வேண்டும் என்று, வழியில் நிறுத்தி அழித்துவிட்டு ஏறுகிறார்கள். ஆயில் சூடு மீறிவிட்டது என்று சொல்லும் பி0218-ஐ அழித்தால் சூடு குறைந்துவிடாது. டார்க் கன்வெர்ட்டர் வண்டியாக (கிளட்சுக்குப் பதில் ஆயில் வழியாக என்ஜின் சக்தியைக் கடத்தும் ஆட்டோமேட்டிக்) இருந்தால் பத்திரமான இடத்தில் ஒதுக்கி, கியரை 'பி'-யில் (பார்க்) போட்டு, என்ஜினை ஐடிலில் ஓடவிடுங்கள். அப்போதுதான் பம்ப் ஆயிலைக் கூலர் வழியாகச் சுற்றவிடும். எண்ணைப் போட்டோ எடுத்துக்கொண்டு எங்களைக் கூப்பிடுங்கள். ஏஎம்டி வைத்திருப்பவர்கள் ஏற்றத்தில் நெரிசலில் நிற்கும்போது ஆக்ஸிலரேட்டரால் வண்டியைப் பிடித்து வைக்காமல் பிரேக்கை மிதியுங்கள். உள்ளே இருப்பது சாதாரண கிளட்ச்தான், எரிந்துவிடும்.

நாங்களும் அழிப்போம், ஆனால் வேலை முடிந்த பிறகு. எண்களை எழுதி உங்கள் பில்லிலேயே சேர்த்துவிட்டு அழிப்போம். பிறகு ஏற்றமும் இறக்கமும் உள்ள பாதையில் ஓட்டி மறுபடி படிப்போம். லைட் எரியும் அளவுக்கு இன்னும் உறுதியாகாமல் காத்திருப்பில் ('பெண்டிங்') இருக்கும் எண்கூட எதுவும் இல்லையென்றால்தான் சாவி உங்கள் கைக்கு வரும். சில வண்டிகளில் கியர்பாக்ஸ் உங்கள் ஓட்டும் முறையைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். முதல் சில நாள் கியர் மாறுவது கொஞ்சம் வேறு மாதிரி தெரியலாம். அது தானே சரியாகும். சரியாகாவிட்டால் உடனே சொல்லுங்கள்.

காலையில் மட்டும் வரும் கோளாறு என்றால் முந்தின மாலையே வண்டியை விட்டுச் செல்லுங்கள். குளிர்ந்த என்ஜினில் முதல் ஸ்டார்ட்டை நாங்களே போட்டுப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் பட்டறையினர், குன்னூர்