பக்கெட் கருவிப் பாடத்துக்கு ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினியில் படம் வரைந்து நிறம் நிரப்புவது பற்றித் தங்கள் நாளிதழின் மாணவர் இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கோட்டுப்படத்தை வரைந்து முடித்ததும் பக்கெட் கருவியை எடுத்து நடுவில் ஒரு முறை சொடுக்கினால் நிறம் தண்ணீரைப் போலப் பாய்ந்து ஓரம்வரை நிறைந்துவிடும் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. பெயிண்ட், போட்டோஷாப் போன்றவற்றுக்கு அது பொருந்தும். ஆனால் கட்டுரை பெயர் சொல்லிப் பேசியது கோரல்டிரா, இங்க்ஸ்கேப் ஆகிய வெக்டர் மென்பொருள்களை, அதாவது படத்தைப் புள்ளிகளாக இல்லாமல் கோடுகளாலான வடிவங்களாக வைத்துக்கொள்ளும் மென்பொருள்களை. பாளையங்கோட்டையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக டி.டி.பி. மையம் வைத்து, கல்யாணப் பத்திரிகையிலிருந்து கோயில் கொடை நோட்டீஸ் வரை அடித்துக் கொடுத்துவருபவன் என்ற முறையில், இந்த ஒரு தவறான பாடத்தால் வேலைக்கு வரும் பிள்ளைகள் படும் பாட்டை நான் அன்றாடம் பார்க்கிறேன் என்பதால் இதை எழுதுகிறேன்.

வெக்டர் படத்தில் நிறம் என்பது வடிவத்துக்கு உரிய ஒரு குணம். அது எங்கிருந்தும் எங்கும் பாய்வதில்லை. வாசலில் போடும் கலர் கோலத்தையும், தேரில் தொங்கும் தொம்பையையும் ஒப்பிட்டுப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். கோலத்தில் கோட்டைப் போட்டுவிட்டுப் பொடியைத் தூவுகிறோம். கோடு விட்டுப்போன இடத்தில் பொடி வெளியே சிதறும். தொம்பையிலோ சிவப்புத் துணியிலிருந்து ஒரு பூவும் மஞ்சள் துணியிலிருந்து ஒரு இலையும் வெட்டி எடுத்துத் தைக்கிறார்கள். பூவைப் பிரித்து இன்னோர் இடத்தில் தைத்தால் சிவப்பும் கூடவே போகும். பெயிண்ட் மென்பொருள் முதல் வகை, கோரலும் இங்க்ஸ்கேப்பும் இரண்டாம் வகை. இதில் வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, வண்ணப் பட்டையில் வேண்டிய நிறத்தைச் சொடுக்கினால் போதும், பக்கெட்டே வேண்டாம். 1987-இல் வந்த இல்லஸ்ட்ரேட்டர் என்ற இன்னொரு வெக்டர் மென்பொருளும் 1989-இல் வந்த கோரல்டிராவும் தொடக்கத்திலிருந்து இந்த வழியில்தான் நிறம் கொடுத்துவருகின்றன. இங்க்ஸ்கேப்பில் பக்கெட் கருவி சேர்ந்ததே 2008-இல் வெளியான 0.46 பதிப்பில்தான்.

அந்தப் பக்கெட் என்ன செய்கிறது என்பதை யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. நாம் சொடுக்கியதும் அது, திரையில் அந்த நேரத்தில் தெரிகிற காட்சியைப் புள்ளிகளாக எடுத்துக்கொண்டு, ஒரே நிறமாக இருக்கும் பகுதி எதுவரை போகிறது என்று பார்த்து, அந்தப் பகுதியின் ஓரத்தைத் தடம் பிடித்துப் புதிதாக ஒரு வடிவத்தை வரைந்து வைக்கிறது. நாம் வரைந்த கோட்டுக்கும் இந்தப் புது வடிவத்துக்கும் எந்தத் தொடர்பும் இருப்பதில்லை. கோட்டை நகர்த்தினால் நிறம் அங்கேயே நிற்கும். அதைவிட முக்கியமானது, தடம் பிடிக்கும் துல்லியம் ஜூம் அளவைப் பொறுத்தது என்பது. முழுப் படமும் தெரியும்படி சிறிதாக்கி வைத்துக்கொண்டு சொடுக்கினால் ஓரம் மழுங்கலாகத்தான் கிடைக்கும்.

இதற்கு நான் விலை கொடுத்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தை ஒட்டி வரவேற்பு பிளக்ஸ் ஒன்றுக்கு ஆர்டர் வந்தது. அளவு 20 அடிக்கு 10 அடி. பயிற்சி முடித்துப் புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி தேரை அழகாகவே வரைந்திருந்தான். கோட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 20 அங்குலத்தில் வரைந்து, முழுத் தேரையும் திரையில் வைத்துக்கொண்டே சக்கரம், வடம், அலங்காரத் துணி எல்லாவற்றுக்கும் பக்கெட்டால் நிறம் கொடுத்து அனுப்பிவிட்டான். நானும் திரையில் பார்த்துச் சரி என்றுதான் சொன்னேன், அந்தத் தவறு என்னுடையது. அங்குலம் அடியானபோது படம் பன்னிரண்டு மடங்கு பெரிதாயிற்று. கோட்டுக்கும் நிறத்துக்கும் நடுவே திரையில் கண்ணுக்கே படாமல் ஒரு மில்லிமீட்டர் விட்டுப்போயிருந்த இடமெல்லாம் அச்சில் விரல் அகலத்துக்கு வெள்ளையாக நின்றது. பிளக்ஸைக் கட்டியவர் போனில், “அண்ணாச்சி, தேர்ச் சக்கரம் பூரா வெள்ளை வெள்ளையா கீறுன மாதிரி தெரியுதே, இப்படித்தான் டிசைனா?” என்று கேட்டார். இரவோடு இரவாக வேறு அடித்துக் கொடுத்தோம்.

வண்டிகளுக்கு ஸ்டிக்கர் வெட்டும் வேலையில் இது இன்னொரு விதமாக வந்து சேரும். வெட்டும் பிளாட்டருக்கு நிறம் தெரியாது, வடிவத்தின் ஓரம்தான் தெரியும். பக்கெட் போட்ட படத்தில் பழைய கோடு ஒன்றும் அதற்குச் சற்று உள்ளே புது வடிவம் ஒன்றும் இருப்பதால், கத்தி இரண்டு தடவை ஓடி வினைல் ஸ்டிக்கர் தாள் நாராக உரிந்து வரும்.

சரி, நேரடியாக வடிவத்துக்கே நிறம் கொடுக்கலாம் என்று பிள்ளைகள் முயன்றால் அடுத்த தடை வருகிறது. குத்துவிளக்கு ஒன்றை வரைகிறார்கள். பீடம் ஒரு கோடு, தண்டு இரண்டு கோடு, தட்டு ஒரு கோடு என்று துண்டு துண்டாக இழுத்துவிட்டு, கண்ணுக்கு ஒட்டியிருப்பதுபோல் தெரிவதால் அது ஒரே வடிவம் என்று நினைத்துவிடுகிறார்கள். கோரலில் அப்படிப்பட்ட திறந்த கோட்டுக்கு நிறம் கொடுத்தால், மென்பொருளின் செட்டிங்ஸில் மாற்றம் செய்யாதவரை, ஒன்றும் தெரியாது. இங்க்ஸ்கேப்பில் நிறம் வரும், ஆனால் ஒவ்வொரு துண்டின் இரு முனைகளையும் நேர்கோட்டால் இணைத்ததுபோல் எண்ணிக்கொண்டு குறுக்கே வெட்டினாற்போல் வரும். “சாப்ட்வேர் ஹேங்க் ஆயிட்டு” என்று சொல்லி கணினியை அணைத்துப் போட்டவர்களும் உண்டு. இங்க்ஸ்கேப்பில் துண்டுகளைச் சேர்த்துப் பிடித்து கன்ட்ரோல்-கே அழுத்தி ஒன்றாக்கியபின், ஒட்டவேண்டிய இரண்டு முனைகளையும், கோட்டின் முனைகளைப் பிடித்துத் திருத்த உதவும் நோட் கருவியால் தேர்ந்தெடுத்து ஷிப்ட்-ஜே கொடுத்தால் அவை ஒரே முனையாகிவிடும், இல்லஸ்ட்ரேட்டரில் கன்ட்ரோல்-ஜே. எங்கே முனை விட்டுப்போயிருக்கிறது என்பதைப் பார்க்க, நிறத்தையெல்லாம் மறைத்துக் கோட்டை மட்டும் காட்டும் பார்வைக்கு மாறிக்கொள்ள வேண்டும். கோரலில் அதை வயர்பிரேம் என்பார்கள். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

கோடு மூடியபின்னும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. தன்னைத்தானே வெட்டிக்கொண்டு போகும் கோட்டுக்கு எது உள், எது வெளி? இதைக் கற்றுக்கொடுக்க நம் வீட்டு மார்கழிச் சிக்குக் கோலத்தைவிட நல்ல கருவி கிடையாது என்பது என் அனுபவம். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே இழை குறுக்கிட்டுப் போகும் சாதாரணக் கோலம் ஒன்றை மூடிய ஒரே இழையாக வரைந்து நிறம் கொடுத்துப் பாருங்கள். மென்பொருளில் இதற்கு இரண்டு விதிகள் உண்டு. முதலாவது ஒற்றை-இரட்டை விதி. ஓர் இடத்திலிருந்து வெளியே நேராகக் கோடு இழுத்து, அது இழையை எத்தனை தடவை கடக்கிறது என்று எண்ணி, ஒற்றைப்படையானால் உள், இரட்டைப்படையானால் வெளி என்று கொள்வது. இந்த விதியில் புள்ளி இருக்கும் அறைகள் எல்லாம் நிறம் பெறும், புள்ளிகளுக்கு இடையே உள்ள வெற்று அறைகள் எல்லாம் அப்படியே வெள்ளையாக நிற்கும். வீட்டில் பெண்கள் காவி கொண்டு நிரப்பியதுபோலவே இருக்கும். இரண்டாவது விதி, இழை எந்தத் திசையில் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று பார்த்து, கூட்டிக் கழித்து மிச்சம் பூச்சியமாக வராத இடமெல்லாம் உள்ளே என்று வைத்துக்கொள்வது. இதில் வெற்று அறைகளிலும் சில நிறைந்துபோகலாம். இங்க்ஸ்கேப் படங்களைச் சேமிக்கப் பயன்படுத்தும் எஸ்.வி.ஜி. என்ற கோப்பு முறையில் வேறு எதுவும் குறிப்பிடாவிட்டால் இந்த இரண்டாவது விதிதான் செல்லும். கல்யாணப் பத்திரிகைக்கு எழுத்துகளைக் கர்வாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்றி ஒன்றோடொன்று சேர்க்கும்போது ‘ண’, ‘ஞ’ போன்றவற்றின் சுழி அடைபட்டுப் போவதற்கும், ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடம் திடீரென்று வெள்ளையாகத் தெரிவதற்கும் பெரும்பாலும் இந்த விதிக் குழப்பமே காரணம்.

பக்கெட் கருவியே ஆகாது என்று நான் சொல்லவில்லை. கையால் வரைந்து ஸ்கேன் செய்த படத்துக்கு நிறம் கொடுக்க அது கைகொடுக்கும். சிறிய இடைவெளிகளைத் தானே அடைத்துக்கொள்ளவும், நிறத்தைக் கோட்டுக்கு அடியில் கொஞ்சம் தள்ளி விரிக்கவும் அதிலேயே வசதி இருக்கிறது. இல்லஸ்ட்ரேட்டரில் 2005-இல் வந்த லைவ் பெயிண்ட்டில் கோட்டை நகர்த்தினால் நிறமும் சேர்ந்து நகர்கிறது. ஆனால் அவையெல்லாம் நாலாவது, ஐந்தாவது பாடமாக வரவேண்டியவை.

எனவே கட்டுரையின் அடுத்த பகுதியை வெளியிடும் முன், கோட்டை மூடுவதையும் வடிவத்தைத் தேர்ந்தெடுத்து நிறம் கொடுப்பதையும் முதலில் விளக்கிவிட்டு, பக்கெட்டை அதன் பின்னால் வைக்குமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்ள வேண்டுகிறேன். ‘நிறம் ஊற்றுதல்’ என்ற சொல்லை விட்டுவிட்டு ‘நிறம் கொடுத்தல்’ என்று எழுதினாலே பாதிக் குழப்பம் தீரும். இங்க்ஸ்கேப் இலவசமாகக் கிடைப்பது என்பதால் பள்ளிப் பிள்ளைகள் பலர் வீட்டிலேயே செய்து பார்ப்பார்கள். அவர்கள் பயிற்சிக்கு, மேலே சொன்ன சிக்குக் கோலத்தை இரண்டு விதிகளிலும் நிறம் கொடுத்து வைத்திருக்கிறேன். இணைப்பில் வெளியிட விரும்பினால் அந்தக் கோப்பை அனுப்பித் தருகிறேன்.

இப்படிக்கு,
டி.டி.பி. மைய உரிமையாளர் ஒருவர்,
பாளையங்கோட்டை.