ஓய்வூதியர் சங்க மண்டபத் திருத்த வேலைகள்: நிறைவு அறிக்கையும் கணக்கும்

மதிப்புக்குரிய அங்கத்தவர்களுக்கு,

மண்டபத்தின் திருத்த வேலைகள் யாவும் முடிந்துவிட்டன. பொதுக்கூட்டம் அங்கீகரித்த மதிப்பீடு 1,600,000 ரூபா. முடிவுச் செலவு 1,881,500 ரூபா. இடையிலுள்ள 281,500 ரூபாவுக்கு என்ன நடந்தது என்று வங்கி வாசலிலும் சந்தையிலும் செத்தவீடுகளிலும் எம்மிடம் கேட்கிறார்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வவுச்சரில் ஒரு சதம் பிசகினாலும் விளக்கக் கடிதம் எழுதிப் பழகியவர்கள் நாமெல்லோரும். அதனால்தான் ஒரு பக்கக் கணக்கோடு நிறுத்தாமல் இவ்வளவு எழுதுகிறோம்.

முதலில் ஒன்று. மரணாதார நிதியிலிருந்து இந்த வேலைக்கு ஒரு ரூபாவும் எடுக்கப்படவில்லை. அது தனி வங்கிக் கணக்கு. இடையில் காலமான அங்கத்தவர்களின் குடும்பங்களுக்குரிய தொகை வழமைபோல ஈமக்கிரியைக்கு முன்னரே கையளிக்கப்பட்டது. இரண்டு கணக்குப் புத்தகங்களும் ஒவ்வொரு மாதமும் 10 ஆந் திகதி, ஓய்வூதியம் எடுக்க நீங்கள் நகருக்கு வரும் நாளில், மண்டப மேசையில் இருக்கும். புரட்டிப் பார்க்கலாம்.

விறாந்தைக் கூரையின் உக்கிய சலாகைகள், உடைந்த ஓடுகள், பீலி மாற்றப்பட்டன: 452,300 ரூபா, மதிப்பீட்டில் 12,700 மிச்சம். நிறப்பூச்சும் மின்வேலையும் 241,000. 1,000 லீற்றர் தண்ணீர்த் தாங்கி, அதன் மேடை, குழாய் இணைப்பு 96,500. இவற்றில் சொல்ல வேறொன்றுமில்லை. ஒழுக்கு நின்றுவிட்டது, தண்ணீர் வருகிறது.

சொல்ல வேண்டியது சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்தைப் பற்றி. 210,000 ரூபா மதிப்பிட்ட வேலை 487,200 ரூபாவில் முடிந்திருக்கிறது.

மண்டபத்தின் நிலமட்டம் முற்றத்திலிருந்து 27 அங்குலம் உயரம். வெள்ளத்துக்குப் பயந்து அந்தக் காலத்தில் உயர்த்திக் கட்டியது சரிதான். ஆனால் இன்று நம்மில் முழங்கால் தேய்ந்தவர்கள் இருக்கிறார்கள், பாரிசவாதம் வந்தவர்கள் இருக்கிறார்கள், யுத்தத்தில் காலை இழந்தவர்கள் இருக்கிறார்கள். உயிர்வாழ்ச் சான்றிதழ் காலத்தில் படிவத்தை வீதிக்குக் கொண்டுபோய் முச்சக்கரவண்டிக்குள் வைத்துக் கையொப்பம் வாங்கிய காட்சியை எல்லோரும் கண்டிருக்கிறோம். முப்பது வருடம் அரச சேவை செய்தவர் தன் சங்கத்தின் வாசலைத் தாண்ட முடியாமல் வெளியே இருந்துவிட்டுப் போவது எங்களுக்குப் பொறுக்கவில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் இலங்கையின் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் 2006 இல் வந்த அணுகுவசதி ஒழுங்குவிதிகளும் பொதுக் கட்டடங்களில் இந்த வசதி இருக்கவேண்டும் என்றே சொல்கின்றன. “ஐந்து படிதானே, ஆளைப் பிடித்து ஏற்றலாமே” என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். பிடித்து ஏற்றப்படுகிறவரிடம் அதைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

சக்கர நாற்காலிக்கு ஏற்கத்தக்க சாய்வு 1:12. எளிமையாகச் சொன்னால் அடிக்கு ஓர் அங்குலம். 27 அங்குல உயரத்துக்கு 27 அடி நீளம் வேண்டும். எமது முற்றம் விறாந்தையிலிருந்து மதில்வரை 22 அடிதான். நேரே நீட்டினால் வீதி வடிகானுக்குள் இறங்கவேண்டி வரும். ஆகவே விறாந்தையின் தெற்குப் பக்கத்திலிருந்து சுவரோரமாக 13 அடி 6 அங்குலம் இறங்கி, அங்கே 5 அடிச் சதுரத்தில் ஒரு மட்டத்தளம், அதிலிருந்து வாசல் நோக்கித் திரும்பி இன்னொரு 13 அடி 6 அங்குலம் என்று வரைபடம் கீறப்பட்டது. மட்டத்தளம் வீண் என்றார்கள் சிலர். தள்ளிக்கொண்டு ஏறுகிறவர் மூச்சு வாங்கவும், நாற்காலியைத் திருப்பவும் அந்த இடம் கட்டாயம் வேண்டும்.

வரைபடமும் 1:12 என்ற குறிப்பும் விலைகோரலோடு எழுத்தில் கொடுக்கப்பட்டன. 2025 ஓகஸ்டில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஒக்ரோபர் 8, தேசிய ஓய்வூதியர் தினத்துக்கு முன் முடிக்கவேண்டும் என்பது நிபந்தனை. மாரி தொடங்குமுன் மண்வேலை முடியவேண்டும் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

ஒப்பந்தகாரர் கூரையையும் மலசலகூடத்தையும் நேர்த்தியாகச் செய்தார். அதை மறைக்கமாட்டோம். சாய்தளத்துக்கு வந்தபோது நாள் நெருங்கிவிட்டது. மட்டத்தளத்தை விட்டுவிட்டு, முற்றத்தில் நேராக 13 அடிக்குச் சுவர் எழுப்பினார். அடிக்கு இரண்டு அங்குலத்துக்கு மேல் ஏற்றம். அதில் நாற்காலியைத் தள்ளி ஏற்ற இரண்டு பேர் வேண்டும். இறக்கும்போது கைநழுவினால் நாற்காலி ஆளோடு மதிலில் போய் முட்டும். கொங்கிறீற் போடுமுன் நிறுத்தும்படி பதிவுத்தபாலில் கடிதம் அனுப்பினோம். “எல்லா இடமும் இப்படித்தான் கட்டுகிறோம்” என்பது பதில். கடிதத்தின் பிரதியும் தபாற் பற்றுச்சீட்டும் கோவையில் உள்ளன. அடுத்த நாள் கொங்கிறீற் போடப்பட்டுவிட்டது.

அதைவிடப் பெரிய பிழை உள்ளே இருந்தது. மலசலகூடக் குழி கிண்டிய களிமண்ணை ஏற்றிச் செல்லச் செலவாகும் என்று அப்படியே சுவர்களுக்கிடையில் கொட்டி நிரப்பியிருந்தார். வயல் கரை நிலத்தின் களிமண் எப்படிப்பட்டது என்று வன்னியில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மழைக்கு ஊதும், வெயிலுக்கு வெடிக்கும். செப்ரெம்பர் வெயிலில் காய்ந்த கட்டிகளாகவே அதைக் கொட்டியதால் கட்டிகளுக்கிடையே வெற்றிடம். மேலே போட்ட கொங்கிறீற் 2 அங்குலம், உள்ளே கம்பி இல்லை. ஒக்ரோபர் மழையில் தண்ணீர் உள்ளே இறங்கிக் கட்டிகள் கரைந்து அமிழ்ந்தன. சுவரோரம் தொடங்கிக் குறுக்கே ஓடிய வெடிப்புக்குள் ஐந்து ரூபாக் குற்றி நிமிர்ந்து நின்றது. கைத்தடியால் தட்டினால் அடியில் வெறுமைச் சத்தம். மேற்பரப்பும் சீமெந்துக் கூழ் தேய்த்து மினுக்கப்பட்டிருந்தது; ஈரத்தில் செருப்போடு நடந்தாலே வழுக்கியது.

அதைப் பூசி மறைத்து ஓய்வூதியர் தினத்தைக் கொண்டாடியிருக்கலாம். செயற்குழு மறுத்தது. ஒப்பந்தகாரர் வேலையை விட்டுப் போனார்.

வழக்குப் போடவில்லையே என்று கேட்பவர்களுக்கு: கூரை, மலசலகூடம் இரண்டுக்குமான கட்டணத்தில் நூற்றுக்குப் பத்து, அதாவது 105,680 ரூபா, எமது கையில் தடுத்துவைக்கப்பட்டிருந்தது. நீதிமன்றம் போனால் எத்தனை தவணை என்று சொல்ல முடியாது. சட்டத்தரணிக் கட்டணமும் சேரும். வழக்கு முடியும்வரை வெடித்த சாய்தளத்தைச் சான்றாக அப்படியே விட்டுவைக்க வேண்டியும் வரலாம். மத்தியஸ்த சபைக்குப் போனோம். தடுத்துவைத்த பணத்தில் 60,000 ரூபாவைக் கழிக்க அவர் உடன்பட்டார். மீதி 45,680 ரூபா குறைபாடு பார்க்கும் ஒரு வருட காலம் முடிந்தபின் அவருக்குக் கொடுக்கப்படும். ஒரு மாரி முழுவதும் கூரை ஒழுகாமல் நின்றால் அது அவருக்குச் சேரவேண்டிய காசு. “ஒன்றும் கொடுக்கவேண்டாம்” என்ற அங்கத்தவர்களின் கோபம் விளங்குகிறது, ஆனால் சரியாகச் செய்த வேலைக்கான கூலியை மறிப்பது நியாயமல்ல.

சாய்தளக் கணக்கு இதுதான். ஒப்பந்தகாரருக்கு அதற்கென முன்னர் கொடுத்தது 90,000. இடித்து அகற்ற 28,500. புதிதாகக் கட்ட 428,700. கூட்டினால் 547,200. அதில் 60,000 கழிய 487,200 ரூபா.

நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. வீட்டுக்குள் வெள்ளம் புகுந்த அங்கத்தவர்களிடம் கட்டடக் காசு கேட்க முடியாது. மணலும் வரவில்லை. தைப்பொங்கலுக்குப் பின்னரே வேலை மீண்டும் தொடங்கியது. தாமதத்துக்குக் காரணம் அதுதான், செயற்குழு உறங்கவில்லை.

இம்முறை ஒப்பந்தமாகக் கொடுக்காமல் நாட்கூலிக்கு மேசன் பிடித்து, பொருட்களை நாமே வாங்கினோம். இதன் விபரத்தைக் கொஞ்சம் எழுதுகிறோம். பாடசாலை, கோவில், வாசிகசாலை என்று சாய்தளம் கட்டப்போகும் எவருக்கும் உதவும். நீர்மட்டக் குழாய் பிடித்துச் சுவரில் உயரங்கள் குறிக்கப்பட்டன, கண்மட்டத்தை நம்பக்கூடாது. ஓர் அடி ஆழத்துக்கு அத்திவாரம் வெட்டி 4 அங்குலக் கொங்கிறீற் போட்டு, அதன்மேல் 6 அங்குலக் கல்லால் பக்கச் சுவர்கள். பழைய களிமண் கடைசிக் கூடைவரை வெளியேற்றப்பட்டது. அதற்குப் பதில் இரண்டு கியூப் (200 கன அடி) கிரவல், ஒரேயடியாகக் கொட்டாமல் அரை அடிப் படையாகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, ஒவ்வொரு படையையும் இடித்து இறுக்கியது. பின் ஒரு கிழமை அப்படியே விட்டு, அமிழ்ந்த இடங்களை மீண்டும் நிரப்பியது. பொலித்தீன் விரித்து, 10 மில்லிமீற்றர் கம்பியை ஓர் அடி இடைவெளியில் பின்னி, சீமெந்து, மணல், கல் 1:2:4 கலவையில் 4 அங்குலக் கொங்கிறீற். இறுகுமுன் தும்புத்தடியால் குறுக்கே இழுத்துச் சொரசொரப்பாக்கி, ஏழு நாள் ஈரச்சாக்கு போட்டு நனைத்தது. மாபிள் பதிக்கலாம் என்று காசோடு வந்தவர்களுக்கு நன்றி. மழை நாளில் அது ஆளை விழுத்தும் என்பதால் ஏற்கவில்லை.

இரு ஓரமும் 3 அங்குல வரம்பு, கைத்தடியோ சில்லோ வெளியே சறுக்காமல் இருக்க. 3 அடி உயரத்தில் இரு பக்கமும் ஒன்றரை அங்குல ஜீ.ஐ. பைப் கைபிடி, இருபது அடிப் பைப் ஏழு முடிந்தது. கைபிடி கீழ்முனையில் ஓர் அடி கூடுதலாக நீண்டு கீழ்நோக்கி வளைகிறது. கடைசி அடி வைக்கும்போதுதான் முதியவர் தடுமாறுவார். அப்போது பிடிக்க ஏதாவது இருக்கவேண்டும். “கம்பி ஏன் இவ்வளவு நீளம், காசு கூடிவிட்டதோ” என்று கேட்டவர்களுக்கு இதுவே பதில்.

மலசலகூடத்துக்கு 604,500 ரூபா முடிந்தது; மதிப்பீட்டைவிட 24,500 ரூபா கூடியது. முதலில் குறித்த இடம் கிணற்றுக்குக் கிட்ட இருந்தது. மாரியில் எமது பகுதியில் நிலத்தடி நீர் மிக மேலே வருவதால் குழியை 50 அடிக்கு அப்பால் தள்ளினோம். கழிவுக் குழாய் நீண்டது. கதவு 3 அடி அகலம், வெளிப்புறம் திறக்கும். உள்ளே ஒருவர் விழுந்து கதவோடு கிடந்தால் உட்புறம் திறக்கும் கதவைத் தள்ள முடியாது. கொமோட்டின் இரு பக்கமும் பிடிகம்பி உண்டு.

வரவு: கட்டட நிதிச் சேமிப்பு 640,000. அங்கத்தவர் நன்கொடை 587,500. வெளிநாடுகளில் வாழும் பிள்ளைகள் அனுப்பியது 420,000. பழைய ஓடும் மரமும் விற்றது 31,000. சாய்தளச் செலவு கூடியபின் 186 பேர் தலைக்கு 1,000 ரூபா கொடுத்தது 186,000. மொத்தம் 1,864,500 ரூபா. இரும்புக் கடைக்கு 17,000 ரூபா நிலுவை. கட்டடக் கணக்கில் வங்கியில் இருப்பது ஒப்பந்தகாரருக்குரிய 45,680 மட்டுமே. அதைத் தொட முடியாது.

அங்கத்தவர் நன்கொடையில் பெரும்பகுதி, 2020 க்கு முன் ஓய்வுபெற்றவர்களுக்கான மூன்று கட்ட ஓய்வூதியத் திருத்தத்தின் முதற் கட்டமாக 2025 யூலையில் கூடிய தொகை. முதல் மாதக் கூடுதலை அப்படியே கொண்டுவந்து தந்தார்கள். நீண்டகாலம் காத்திருந்து கிடைத்த காசை மருந்துக்கு வைக்காமல் தந்த கை பெரிய கை. பெயர்களும் தொகைகளும் மண்டபச் சுவரில் முழுமையாக எழுதப்பட்டுள்ளன. ஆயினும் சிலரை இங்கே சுட்டாமல் விட மனம் வரவில்லை: ஒரு லோட் மணல் இறக்கிய வட்டக்கச்சி விவசாயப் போதனாசிரியர், மின்விசிறி இரண்டு தந்த பரந்தன் தபாலதிபர், இருபது கதிரை தந்த உருத்திரபுரம் அதிபரின் பிள்ளைகள், வேலையாட்களுக்கு மதியச் சாப்பாடு தந்த கண்டாவளைக் குடும்பநல உத்தியோகத்தர், வரைபடம் கீறிக் கூலி வாங்காத அக்கராயன் தொழில்நுட்ப உத்தியோகத்தர், பூநகரியிலிருந்து பஸ்ஸில் வந்து 500 ரூபா கொடுத்துப் பற்றுச்சீட்டை மடித்துப் பையில் வைத்த முன்னாள் சிற்றூழியர், கணவரின் பெயரில் தந்த விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம் பெறும் பதினான்கு தாய்மார்.

1,000 ரூபா கொடுக்காதவர்களின் அங்கத்துவம் நீக்கப்படும் என்று பரவிய கதை பொய். அது நன்கொடை, சந்தா அல்ல. கொடுக்காதவருக்கும் மரணாதார நிதி உரித்து அப்படியே உண்டு. சந்தா ஆறு மாதத்துக்கு மேல் நிலுவையானால் மட்டுமே யாப்பின்படி அறிவித்தல் வரும். துணையை இழந்தவர்கள், முகவரி மாறியவர்கள், புயலில் அங்கத்துவ அட்டை நனைந்து போனவர்கள் தேசிய அடையாள அட்டைப் பிரதியும் ஓய்வூதிய இலக்கமும் கொண்டுவந்தால் பதிவு திருத்தித் தரப்படும், கட்டணமில்லை. உயிர்வாழ்ச் சான்றிதழ், அரச சேவையாளருக்கான அக்ரஹார மருத்துவக் காப்புறுதிப் படிவங்கள் நிரப்ப 10 ஆந் திகதிகளில் காலை 9 மணி முதல் ஒருவர் விறாந்தையில் இருப்பார்.

திறப்பு விழா வைக்கவில்லை. பொன்னாடைக்கும் சாப்பாட்டுக்கும் போகும் காசு கைபிடிக்குப் போனது.

கைபிடியில் துருப்பிடிக்கும் இடங்களை வருடந்தோறும் மாரிக்கு முன் சுரண்டிப் பூச்சுப் பூசவேண்டும். சாய்தளத்தின் கீழ்முனையில் மோட்டார் சைக்கிள் நிறுத்தவேண்டாம். 17,000 ரூபா நிலுவைக்கு உதவ விரும்புவோர் பொருளாளரிடம் பற்றுச்சீட்டுப் பெற்றுக் கொடுக்கவும். பற்றுச்சீட்டு இல்லாமல் யாரிடமும் காசு கொடுக்கவேண்டாம்.

செயற்குழு