ராத்திரி எத்தனை பேர் இருக்கிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதியோர் இல்லங்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். காற்றோட்டமான அறை, பூச்செடிகள், வெள்ளிக்கிழமை பஜனை எல்லாம் அதில் இருந்தன. இரவு எட்டு மணிக்கு மேல் அங்கே எத்தனை பணியாளர் இருக்கிறார்கள் என்கிற ஒரு வரி மட்டும் இல்லை. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஓர் இல்லத்தில் என் அம்மா ஒன்றேமுக்கால் வருஷம் இருந்தார். அதனால்தான் எழுதுகிறேன். இல்லத்தின் பெயர் வேண்டாம். அதை மூட வைப்பது என் நோக்கம் இல்லை.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. நானும் மனைவியும் அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள், தூக்கி உட்கார வைக்க எங்களால் முடியவில்லை. மகன் சிங்கப்பூரில். சேர்க்கும்போது மாதம் 18,000 ரூபாய் என்றார்கள், "இருபத்துநாலு மணி நேரமும் ஆள் உண்டு சார்" என்றார்கள். ஆள் உண்டுதான். 26 பேருக்கு ராத்திரியில் ஒரே ஓர் ஆயா. அந்த 26 பேரில் ஒன்பது பேர் படுத்த படுக்கை.

நான் தபால் ஆபீஸில் இருந்தவன், கணக்குப் போடாமல் இருக்க முடியாது. படுத்துக் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைத்தால்தான் முதுகில் புண் வராது. ஒருவரைப் புரட்டித் துடைத்துத் துணி மாற்றப் பத்து நிமிஷம் என்று வைத்தாலும் ஒன்பது பேருக்கு ஒன்றரை மணி நேரம். நிமிர்ந்து ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்குள் மறுபடி முதல் கட்டில். நடுவில் ஒருவர் பாத்ரூமுக்குக் கூப்பிட்டால்? இன்னொருவர் வழுக்கி விழுந்தால்? ஆகவே நடப்பது என்ன, ராத்திரி பத்து மணிக்குக் கட்டிய டயப்பர் காலை ஆறு மணிக்குத்தான் அவிழும். எங்கள் ஆபீஸில் ஒருவர் லீவு போட்டால் கவுன்டரில் வரிசை நீளும், அவ்வளவுதான். இங்கே அந்த வரிசை ஈரத்தில் படுத்துக் கிடக்கிறது.

அம்மா சாயங்காலம் நாலு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார். யாரும் தடுக்கவில்லை, அவரே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. "குடிச்சா போகணும், போகணும்னா அவளைக் கூப்பிடணும். அவ ஒருத்திதானே பாவம்" என்றார். இரண்டு மாதத்தில் சிறுநீர்த் தொற்று, காய்ச்சல். என்னை இறந்துபோன மாமா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மூளையில் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்தோம். வயதானவர்களுக்கு இந்தத் தொற்று வந்தால் இப்படிக் குழப்பமும் வரும் என்று டாக்டர் சொன்னார். மருந்தில் சரியாயிற்று. தண்ணீர் குடிக்கும் பழக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

அப்புறம் அந்தத் தலைமுடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது ஒட்ட வெட்டியிருந்தார்கள். பேன் என்று காரணம் சொன்னார்கள். காலையில் இத்தனை தலைக்குச் சீவிவிட ஆளில்லை என்பதுதான் காரணம் என்று சமையல்கார அம்மா பிறகு சொன்னார். எண்பது வயதிலும் தானே கோடாலி முடிச்சுப் போட்டுக்கொண்டவர் என் அம்மா. அன்றைக்கு முழுக்கப் புடவைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டே இருந்தார்.

ஆயாமேல் எனக்குக் கோபம் இல்லை. வலங்கைமான் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருவார், அம்மாவை "அம்மாச்சி" என்பார், சம்பளம் ஒன்பதாயிரம். மேட்டூர் ஜூன் 12இல் திறந்து குறுவை நடவு களை கட்டினால் பகல் நேரத்து ஆட்களிலும் பாதிப் பேர் வர மாட்டார்கள். நடவுக்குப் போனால் மத்தியானத்துக்குள் கூலி கையில், பிறர் மலம் அள்ள வேண்டியதில்லை. யார் குற்றம் சொல்ல முடியும்? நர்சிங் படித்த பெண்கள் திருச்சிக்கும் சென்னைக்கும் போகிறார்கள், முடிந்தால் வளைகுடாவுக்கு. ஒன்பதாயிரத்தில் ஆள் நிற்காது என்பது இல்லத்துக்காரருக்கும் தெரியும். என் 18,000இல் எவ்வளவு வாடகைக்கு, எவ்வளவு சம்பளத்துக்கு என்று கேட்டேன். காப்பி கொடுத்து அனுப்பினார்.

பெற்றோர், முதியோர் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தை வரவழைத்துப் படித்தேன். வசதியற்ற முதியவர்கள் குறைந்தது 150 பேர் தங்கும் இல்லம் மாவட்டத்துக்கு ஒன்றாவது வேண்டும் என்று 19ஆம் பிரிவு பேசுகிறது. இல்லங்களின் தரத்தையும் சேவைகளையும் மாநில அரசு வகுக்கலாம் என்றும் இருக்கிறது. இத்தனை முதியவருக்கு இத்தனை பணியாளர் என்று ஓர் எண் அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டில் படுத்துக் கிடப்பவர்களுக்கு நர்சும் பிசியோதெரபி செய்பவரும் தேடி வருகிறார்கள், நல்ல விஷயம். அம்மா இருந்த இல்லத்துக்கு யாரும் வந்து நான் பார்த்ததில்லை. ஒரே கூரையின் கீழ் ஒன்பது பேர் படுத்திருக்கும் இடத்துக்கு வருவது இன்னும் சுலபம் அல்லவா?

பெரிய சீர்திருத்தம் எதுவும் நான் கேட்கவில்லை. ரேஷன் கடை வாசலில் இன்றைய இருப்பு இவ்வளவு என்று எழுதிவைக்கிறார்கள். அதேபோல ஒவ்வொரு முதியோர் இல்லத்தின் வாசலிலும் ஒரு பலகை. இன்று தங்கியிருப்பவர் இத்தனை, படுக்கையில் இருப்பவர் இத்தனை, இன்றிரவுப் பணியில் இத்தனை பேர். சாக்பீஸில் எழுதினால் போதும். அதைப் பார்த்தபின் எந்த மகனும் "ஏசி உண்டா, வைஃபை உண்டா" என்று முதலில் கேட்க மாட்டான். நான் அதைத்தான் கேட்டேன், வெட்கமாக இருக்கிறது.

உங்கள் நிருபர் அடுத்த முறை இதே இல்லங்களைப் பற்றி எழுதுவதாக இருந்தால், சொல்லாமல் கொள்ளாமல் ராத்திரி பதினோரு மணிக்கு ஒருமுறை போய்ப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்